வேவுப்பெண் வேடமும் மறுக்கப்பட்ட தலைமையும்: அன்னா மே வாங்கின் வாழ்வும் 1942ஆம் ஆண்டின் போர்க்காலச் சிறுமுதலீட்டுப் படங்களும்

முன்னுரை

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கிய பின்னர், ஹாலிவுட்டின் கடைநிலை நிறுவனங்களில் ஒருவகைப் படங்கள் பெருகின. நாளிதழில் அன்று அடிபட்ட ஊரின் பெயர் தலைப்பாகும். நாட்கணக்கில் படப்பிடிப்பு முடியும். ஒரு மணி நேரத்திற்குச் சற்று மேற்பட்ட அளவில் படம் திரைக்கு வரும். பகைவர் பாசறைக்குள் வேடமிட்டு நுழைந்து மறைசெய்தி அறியும் பெண் இத்தகைய படங்கள் பலவற்றின் நடுநாயகம். அவள் அழகும் அவளுக்கு நேரும் இடரும் சுவரொட்டியில் முன்னிறுத்தப்பட்டன. இவற்றைக் குறிக்கும் எக்ஸ்ப்ளாய்டேஷன் என்னும் சொல் அமெரிக்கத் திரைத்தொழிலில் முதலில் விளம்பர உத்தி என்ற பொருளிலேயே வழங்கியது. மக்களின் அச்சத்தையும் ஆவலையும் சுரண்டி விற்கும் படம் என்னும் பொருள் அதன்மேல் பின்னர் ஏறியது.

இவ்வகைப் படங்களைத் திரை வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் கழிவாகவே கருதி வந்துள்ளனர். கலைத்தரம் மட்டுமே அளவுகோல் எனில் அம்மதிப்பீட்டை மறுப்பதற்கில்லை. எனினும், சீன அமெரிக்க நடிகை அன்னா மே வாங் (1905–1961) 1942இல் நடித்த 'பாம்ஸ் ஓவர் பர்மா', 'லேடி ஃப்ரம் சுங்கிங்' ஆகிய இரண்டையும் அவருடைய வாழ்க்கையோடு சேர்த்து நோக்குமிடத்து வேறொரு செய்தி புலப்படுகின்றது. பெரிய நிறுவனங்கள் சீனப் பெண்ணின் வீரத்தை வெள்ளை நடிகையரின் முகத்தில் மட்டுமே காட்டத் துணிந்த காலத்தில், அவ்வீரத்தைச் சீன முகத்தோடு காட்டிய இடம் இக்கடைநிலைப் படங்களே. அவ்விடத்தை அடைய அவருக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதற்குள் வேவுப்பெண் வேடம் அவருக்குப் பலமுறை அணிவிக்கப்பட்டிருந்தது.

பிறப்பும் சூழலும்

அன்னா மே வாங் 1905 ஜனவரி 3இல் லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் ஃப்ளவர் தெருவில், சீனர் குடியிருப்பை ஒட்டிய பகுதியில் பிறந்தார். இயற்பெயர் வாங் லியூ சோங். தந்தை வாங் சாம் சிங் சலவையகம் நடத்தியவர். அவரும் கலிபோர்னியாவில் பிறந்தவரே. தாய் லீ கோன் டாய். குடும்பத்தின் பூர்விகம் தென்சீனத்தின் குவாங்டோங் மாநிலத்துத் தைஷான் வட்டாரம்.

இக்குடும்பம் வாழ்ந்த நாட்டில் 1882ஆம் ஆண்டுச் சீனர் விலக்குச் சட்டம் நடைமுறையில் இருந்தது. சீனத் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடுத்த அச்சட்டத்தின் நிழல், அங்கேயே பிறந்த சீன வமிசத்தார்மீதும் விழுந்தது. பிறப்பால் அமெரிக்கக் குடியுரிமை பெற்ற அன்னா மே வாங், புகழ்பெற்ற நடிகையான பின்னரும், வெளிநாடு செல்லும்போதெல்லாம் தாம் அமெரிக்கக் குடிமகள் என்பதை முன்கூட்டியே மெய்ப்பித்துக் குடிவரவுத் துறையிடம் படிவம் அளிக்க வேண்டியிருந்தது. அப்படிவத்தின் தலைப்பே விண்ணப்பிப்பவரைக் குடியுரிமை கொண்டவராகச் சொல்லிக்கொள்பவர் என்றுதான் குறித்தது. திரையில் பொய்ப்பெயரோடும் பொய்வேடத்தோடும் உலவிய பாத்திரங்களை ஏற்றவர், திரைக்கு வெளியே தம் மெய்ப்பெயருக்கும் மெய்யடையாளத்திற்கும் ஒளிப்படத்தோடு சான்று காட்டிக்கொண்டே இருக்க நேர்ந்தது.

பொதுப்பள்ளியில் சக மாணவரின் இன ஏளனத்தைத் தாங்க இயலாமல் சீனச் சிறாருக்கான கிறித்தவப் பள்ளிக்கு மாற்றப்பட்டார். படப்பிடிப்புகள் தெருக்களிலேயே நடந்த காலம் அது. சலவைத் துணி கொண்டுசெல்லும் சிறுமி அவற்றை வேடிக்கை பார்த்துப் பழகினார். 1919இல் வெளியான 'தி ரெட் லேண்டர்ன்' படத்தில் கூட்டத்தில் ஒருத்தியாகத் தோன்றினார். 1922இல், பதினேழாம் வயதில், 'தி டோல் ஆஃப் த சீ' படத்தில் நாயகியானார். இருநிற டெக்னிகலர் முறையில் ஹாலிவுட் எடுத்த முதல் முழுநீளப் படம் அது. வெள்ளையனைக் காதலித்துக் கைவிடப்பட்டு, பெற்ற பிள்ளையையும் பிறருக்கு ஈந்து, கடலில் உயிர்விடும் சீனப் பெண்ணாக அவர் அதில் நடித்தார். நாயகி வேடம் கிடைத்தது. நாயகி உயிரோடிருக்கும் உரிமை கிடைக்கவில்லை. இவ்வமைப்பு அவர் படங்களில் பின்னும் பலமுறை திரும்பி வந்தது.

ஒற்றியாக வகுக்கப்பட்ட நடிகை

1924இல் வெளியான 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' அவருக்கு உலகப் புகழ் தந்தது. டக்ளஸ் ஃபேர்பேங்ஸ் நாயகனாக நடித்த அப்படத்தில் இளவரசியின் அந்தப்புரத்தில் பணிபுரியும் மங்கோலிய அடிமைப்பெண் அவர். பணிப்பெண் என்பது புறத்தோற்றம். மங்கோலிய இளவரசனின் கையாள் என்பது உள்நிலை. அடுத்திருந்தே கேடு சூழும் கீழைத்தேயப் பெண் என்னும் வார்ப்பு இங்கே அவர்மீது பதிந்தது. 1931இல் 'டாட்டர் ஆஃப் த டிராகன்' படத்தில் கொடியவன் ஃபூ மான்சூவின் மகளாக, தந்தையின் வஞ்சினத்தை நிறைவேற்ற அன்பு காட்டி நெருங்கும் நடனமாதாக நடித்தார். 1934இல் இங்கிலாந்தில் எடுக்கப்பட்ட 'சூ சின் சௌ' படத்தில் செல்வன் வீட்டில் கள்வர் தலைவனால் அமர்த்தப்பட்ட உளவு அடிமை. நாடும் கதையும் மாறியபோதும் பணி மாறவில்லை.

'டாட்டர் ஆஃப் த டிராகன்' படத்திற்கு அவர் பெற்ற ஊதியம் 6,000 டாலர். மஞ்சள் ஒப்பனையிட்டுச் சீனனாகச் சிறிது நேரமே தோன்றிய வார்னர் ஓலண்ட் பெற்றது 12,000 டாலர். சீனராக நடிப்பதற்குச் சீனராக இருப்பது விலை குறைந்த தகுதியாக இருந்தது.

இந்நிலையில் சலிப்புற்றே அவர் 1928இல் ஐரோப்பா சென்றிருந்தார். ரிச்சர்ட் ஐஷ்பெர்க் இயக்கிய ஜெர்மானியப் படங்களும், ஈ. ஏ. டூபான்ட் இயக்கிய 'பிக்காடில்லி' (1929) படமும் அவருடைய நடிப்பாற்றலுக்குச் சான்றாக நிற்கின்றன. பெர்லினில் அவரைச் சந்தித்த திறனாய்வாளர் வால்டர் பெஞ்சமின் அச்சந்திப்பைக் கட்டுரையாக எழுதினார். லண்டன் மேடையில் லாரன்ஸ் ஒலிவியேவுடன் நடித்தார். ஆனால் ஐரோப்பாவிலும் அவருடைய நாயகியர் இறுதிக் காட்சிக்குள் மாண்டனர். இங்கும் வெள்ளை நாயகனை முத்தமிடும் உரிமை அவருக்குப் பெரும்பாலும் வழங்கப்படவில்லை என்பதை நோக்க, கண்டம் மாறியதால் கிடைத்த விடுதலை ஓர் அளவுக்குட்பட்டதே எனலாம்.

1932இல் ஜோசஃப் வான் ஸ்டெர்ன்பெர்க் இயக்கிய 'ஷாங்காய் எக்ஸ்பிரஸ்' படத்தில் மார்லீன் டீட்ரிஷுடன் நடித்தார். கிளர்ச்சிப் படைத் தலைவனைக் குத்திக் கொல்பவள் வாங் ஏற்ற ஹூய் ஃபெய். படத்தின் முடிச்சை அவிழ்க்கும் வீரச்செயல் அவளுடையது; காதலும் மீட்சியும் டீட்ரிஷின் பாத்திரத்திற்கே உரியன. பயணிகள் இறங்கும் இறுதிக் கட்டத்தில் ஹூய் ஃபெய் கூட்டத்தில் கலந்து மறைகிறாள். செயல் சீனப் பெண்ணுக்கு, கதை வெள்ளைப் பெண்ணுக்கு என்னும் இப்பங்கீடு பத்தாண்டுகளுக்குப் பின்னர் போர்க்காலப் படங்களில் எவ்வாறு மாறியது என்பதைக் காண, இப்படத்தை நினைவில் இருத்துதல் வேண்டும்.

'த குட் எர்த்' மறுப்பும் சீனப் பயணமும்

பேர்ல் பக்கின் 'த குட் எர்த்' நாவலை எம்.ஜி.எம். நிறுவனம் படமாக்க முனைந்தபோது ஓ-லான் என்னும் உழவர் குடும்பத் தலைவி வேடம் தமக்கு அமையும் என அன்னா மே வாங் எதிர்பார்த்தார். நாயகனாகப் பால் முனி என்னும் வெள்ளை நடிகர் அமர்த்தப்பட்டார். இனக்கலப்பு உறவைத் திரையில் காட்டக் கூடாது என்பது தணிக்கை நெறியின் விதி. கதையில் கணவனும் மனைவியும் சீனரே. எனினும் கணவனாக நடிப்பவர் வெள்ளையராகிவிட்டதால் மனைவியாக நடிப்பவரும் வெள்ளையராகவே இருக்க நேர்ந்தது. விதியின் நகைமுரண் இது. அவ்வேடம் லூயி ரைனருக்குச் சென்றது. ஆஸ்கர் விருதும் அவருக்குக் கிடைத்தது. வாங்குக்கு முன்வைக்கப்பட்டது குடும்பத்தைக் குலைக்கும் இரண்டாம் மனைவி தாமரையின் வேடம். படத்தில் உள்ள ஒரே தீய பாத்திரத்தை ஒரே சீன அமெரிக்க நட்சத்திரம் ஏற்பதற்கு அவர் உடன்படவில்லை.

1936ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் சீனத்திற்குப் புறப்பட்டார். ஷாங்காயிலும் ஹாங்காங்கிலும் கூட்டம் திரண்டது, கண்டனமும் எழுந்தது. சீனரை இழிவுபடுத்தும் வேடங்களை ஏற்றவர் எனத் தேசிய அரசைச் சார்ந்தோர் அவரைக் குறைகூறினர். அமெரிக்காவில் சீனராகத் தள்ளப்பட்டவர், சீனத்தில் அமெரிக்கராகத் தோன்றினார். தைஷான் வழக்கு மட்டும் அறிந்த அவருக்கு ஷாங்காயில் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டார். தந்தை அப்போது பூர்விக ஊரில் வாழ்ந்துவந்தார். அங்குச் சென்று அவரோடு தங்கினார். பீகிங்கில் வடமொழி வழக்கையும் நாடகக் கலையையும் பயின்றார். சீனத்திலிருந்து திரும்பியவர் வேடங்களைத் தெரிந்தெடுப்பதில் முன்னினும் கடுமை காட்டினார் என்பதை அடுத்த படங்கள் உணர்த்துகின்றன.

1937இல் பாரமவுண்ட் நிறுவனத்தின் 'டாட்டர் ஆஃப் ஷாங்காய்' வெளிவந்தது. இரண்டாம் நிலைப் படம்தான், ஆயினும் திருப்புமுனை. தந்தையைக் கொன்ற ஆட்கடத்தல் கும்பலைத் தேடி, நடனமாதாக வேடமிட்டு அவர்கள் இடத்திற்கே செல்லும் லான் யிங் என்னும் பெண்ணாக அவர் நடித்தார். உடன் துப்பறியும் அரசு அலுவலராக நடித்தவர் கொரிய அமெரிக்கரான ஃபிலிப் ஆன். வேவுப்பெண் வேடம் இங்கே முதன்முறையாக அறத்தின் பக்கம் சேர்ந்தது. நாயகி இறுதிவரை உயிரோடிருந்தாள். தன்னினத்து ஆடவனோடு அவள் வாழ்வு அமையும் என்னும் குறிப்போடு கதை நிறைந்தது. அடுத்த இரண்டாண்டுகளில் அதே நிறுவனத்திற்காக நடித்த சில படங்களுள் 'கிங் ஆஃப் சைனாடவுன்' (1939) மட்டும் அவரை மருத்துவராகக் காட்டியதால் குறிப்பிடத்தக்கது.

1937 ஜூலையில் ஜப்பான் சீனத்தின்மீது முழுப்போர் தொடுத்தது. தம் திரை உடைகளை ஏலமிட்டுக் கிடைத்த பணத்தை 1938இல் சீன நிவாரணத்திற்கு அளித்தார். 1940இல் இளைய தங்கை மேரி தற்கொலை செய்துகொண்டார். 'த குட் எர்த்' படத்தில் சிறுவேடத்தில் தோன்றியவர் அவர். அக்காளுக்குக் கிடைக்காத படத்தில் தங்கைக்குக் கிடைத்த சிறு இடம் என்பதன்றி அச்செய்தியில் விரித்துரைக்க ஏதுமில்லை.

பாவர்ட்டி ரோவில் ஒரு நாயகி

பெரிய நிறுவனங்களின் வளாகங்களுக்கு வெளியே சிறுமுதலீட்டுப் படங்களை எடுத்த நிறுவனங்களை அமெரிக்கர் பாவர்ட்டி ரோ, அதாவது வறுமைத் தெரு என வழங்கினர். அவற்றுள்ளும் கீழ்நிலையில் எண்ணப்பட்டது புரொடியூசர்ஸ் ரிலீசிங் கார்ப்பரேஷன் என்னும் பி.ஆர்.சி. ஒரே நுழைவுச்சீட்டில் இரண்டு படம் காட்டும் வழக்கம் நிலவிய காலத்தில், இரண்டாம் படத்தை அளிப்பது இந்நிறுவனத்தின் தொழில். முதற்படத்தின் வாடகை வசூலில் பங்காக அமையும். இரண்டாம் படத்திற்கோ நிலையான சிறுதொகை மட்டுமே. படம் எவ்வளவு ஓடினாலும் வருவாய் பெருகாது ஆதலால், செலவைக் குறைப்பது ஒன்றே இலாபத்திற்கு வழி. சில அரங்க அமைப்புகள், இருண்ட ஒளியமைப்பு, செய்திப்படத் துண்டுகள், விரைந்த படப்பிடிப்பு ஆகிய இலக்கணங்கள் எல்லாம் இக்கணக்கிலிருந்து பிறந்தவை.

இதே கணக்கு எதிர்பாராத வாய்ப்பு ஒன்றையும் தந்தது. பெரிய நடிகையை அமர்த்திச் சீன ஒப்பனையிட்டு நடிக்கவைக்கும் வசதி பி.ஆர்.சி.க்கு இல்லை. குறைந்த ஊதியத்தில் கிடைக்கக்கூடிய, பெயர் அறிமுகமான நட்சத்திரம் அன்னா மே வாங். பெரிய நிறுவனங்களில் இனவேற்றுமையின் பொருட்டு மூடப்பட்ட கதவு, இங்கே சிக்கனத்தின் பொருட்டுத் திறந்தது. இதனை அந்நிறுவனத்தின் நல்லெண்ணமாகப் பாராட்டுவது மிகையாகும்.

'பாம்ஸ் ஓவர் பர்மா' படத்தை இயக்கியவர் ஜோசஃப் எச். லூயிஸ். பிற்காலத்தில் 'கன் க்ரேஸி' படத்தால் திறனாய்வாளரின் மதிப்பைப் பெற்றவர் இவரே. லாஷியோவிலிருந்து குன்மிங் வரை 700 மைலுக்கு மேல் நீண்ட பர்மா சாலை, கடல்வழி அடைபட்ட சீனத்திற்குப் போர்க்கருவிகள் செல்லும் உயிர்நாடியாக விளங்கியது. அச்சாலையில் செல்லும் வண்டித் தொடர்களைக் காட்டிக்கொடுக்கும் ஒற்றனைக் கண்டறிய, சுங்கிங் நகரப் பள்ளி ஆசிரியை லின் யிங் இரகசியப் பணியில் அனுப்பப்படுகிறாள். கதை தொடங்குமிடம் வகுப்பறை. அவளுடைய மாணவன் ஒருவன் குண்டுவீச்சில் மடிகிறான். வேவுக்குப் போகும் பெண்ணின் தூண்டுதலாகக் காதலோ பழியோ அமையாமல், ஒரு குழந்தையின் சாவும் ஆசிரியையின் கடமையும் அமைந்தமை இவ்வகைப் படங்களில் அரிது. பயணிகளிடையே ஆங்கிலேயப் பிரபுவாகக் காட்சிதரும் ஒருவனே பகைவரின் ஒற்றன் எனத் தெரியவருகின்றது. உழவர்கள் தம் கருவிகளோடு அவனைச் சூழ்ந்துகொள்கின்றனர். அடுத்திருந்து கேடு செய்யும் வஞ்சகம் கீழைத்தேயத்தார் இயல்பு என 1924 முதல் அவருடைய வேடங்களின் வழி சொல்லப்பட்டுவந்தது. இப்படத்தில் வஞ்சக வேடம் வெள்ளையனுக்கும், அதனைக் கண்டறியும் கூர்மை சீனப் பெண்ணுக்கும் இடம் மாறின.

படம் 1942 கோடையில் வெளிவந்தது. அதற்குள் ஏப்ரல் இறுதியில் லாஷியோ வீழ்ந்து, பர்மா சாலை ஜப்பானியர் கைப்பட்டுவிட்டது. திரையில் காக்கப்பட்ட சாலை நிலத்தில் இழக்கப்பட்டிருந்தது. தமிழர்க்கு அவ்வாண்டின் பர்மா வேறொரு பொருள் உடையது. இரங்கூனிலிருந்தும் ஐராவதிக் கழிமுகத்திலிருந்தும் மலைவழியே கால்நடையாக வந்த பெருங்கூட்டத்தில் தமிழரும் பலர். அவர்களின் துயருக்கும் தலைப்பில் மட்டும் பர்மாவைக் கொண்ட இப்படத்திற்கும் தொடர்பில்லை. ஆயினும் 1945இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் சார்பில் டி. ஆர். சுந்தரம் இயக்கிய 'பர்மா ராணி' இங்கு ஒப்புநோக்கத் தக்கது. ஜப்பானியர் வசமிருந்த பர்மாவில் சிக்கிய இந்திய விமானப் படையினருக்குத் துணைநிற்கும் பெண்ணாகக் கே. எல். வி. வசந்தா அதில் நடித்தார். பகைவர் நடுவே மறைந்து செயற்படும் பெண் என்னும் கதைக்கரு, போர்ப் பரப்புரையின் வழி ஹாலிவுட்டின் கடைக்கோடியிலும் சேலத்திலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வேர்கொண்டது.

'லேடி ஃப்ரம் சுங்கிங்'

அவ்வாண்டின் இறுதியில் வெளிவந்த இப்படத்தை இயக்கியவர் வில்லியம் நை. ஜப்பானியர் பிடித்த ஊரில் வயல்வேலை செய்யும் எளிய பெண்போல் தோன்றும் குவான் மெய், உண்மையில் மறைந்து போரிடும் குழுவின் தலைவி. ஊருக்கு வரும் படைத்தலைவன் கைமுராவின் திட்டத்தை அறிய, உயர்குடிச் சீமாட்டியாக வேடம் மாற்றி அவன் தங்குமிடம் செல்கிறாள். அவனிடமிருந்து படையணி வரும் தொடர்வண்டியைப் பற்றிய செய்தி பெறுகிறாள். அகப்பட்டுச் சுட்டுக் கொல்லப்படுகிறாள். கொலைக்குப் பின்னரும் அவள் உருவம் எழுந்து புதிய சீனத்தைப் பற்றிப் பேசுவதாகப் படம் முடிகின்றது.

கதையில் புதுமை இல்லை. உரையாடல் மேடைப்பேச்சின் தன்மை வாய்ந்தது. அக்காலத் திரைத்தொழில் இதழ்கள் கதையைக் குறைகூறி, வாங்கின் நடிப்பை மட்டும் பாராட்டின. எனினும் மூன்று கூறுகள் கருதத்தக்கன.

முதலாவது, வீரத்தின் உரிமை. சீனம் பற்றிய ஹாலிவுட் போர்ப்படங்களில் சீனர் பெரும்பாலும் காக்கப்பட வேண்டியவர், காப்பவர் அமெரிக்கர். இப்படத்திலும் இரண்டு அமெரிக்க விமானிகள் உள்ளனர். ஆனால் அவர்களை மீட்பது குழுவின் முதன்மை நோக்கமன்று. ஜப்பானியர் சுங்கிங்கை நோக்கி முன்னேறுவதைத் தடுப்பதே நோக்கம். அமெரிக்கர் துணைக்கதை ஆகிவிடுகின்றனர்.

இரண்டாவது, வேடப் பகிர்வு. ஜப்பானிய அமெரிக்கர் முகாம்களில் அடைக்கப்பட்டிருந்த அக்காலத்தில், ஜப்பானியக் கொடியவராகத் திரையில் தோன்றியவர் பெரும்பாலும் சீன, கொரிய வமிசத்து நடிகர்களே. இப்படத்திலோ சீனராகச் சீன வமிசத்தாரும், ஜப்பானியராக ஹெரால்ட் ஹூபர் முதலிய வெள்ளை நடிகர்களும் தோன்றினர். மஞ்சள் ஒப்பனை மறையவில்லை. பகைவர் முகத்திற்கு இடம் பெயர்ந்தது. ஒருவர்மீது சுமத்தப்பட்ட இழிவு மற்றொருவர்மீது ஏற்றப்பட்டது என்பதையும் மறைப்பதற்கில்லை. போர்ப் பரப்புரையின் எல்லை அதுவே.

மூன்றாவதே ஆழ்ந்த ஆய்வுக்குரியது. வேவுப்பெண் சுடப்பட்டு மடியும் காட்சியை ஹாலிவுட் முன்பே போற்றி வளர்த்திருந்தது. 1931இல் டீட்ரிஷ் நடித்த 'டிஸ்ஆனர்ட்', கிரேட்டா கார்போ நடித்த 'மாதா ஹரி' ஆகிய இரண்டும் பெருமுதலீட்டுப் படங்கள். அவற்றில் வேவுப்பெண்ணை வீழ்த்துவது காதல். பெண் எத்துணைத் திறமை உடையவளாயினும் உள்ளம் நெகிழ்ந்து கடமை தவறுவாள் என்னும் கருத்தே அச்சாவுகளின் அடித்தளம். குவான் மெய்யைக் கடமையிலிருந்து திருப்பும் காதல் கதையில் இல்லை. படைத்தலைவனிடம் அவள் காட்டும் இணக்கம் முழுதும் நடிப்பு. அவள் சாவு நெகிழ்வின் விலையாகாமல் பணியின் விலையாகின்றது. 'தி டோல் ஆஃப் த சீ' முதலாகச் சாவை மட்டுமே முடிவாகப் பெற்றுவந்த நடிகைக்கு, சாவின் பொருளையேனும் மாற்றிக்கொள்ளும் இடம் இங்குக் கிடைத்தது. இறந்த பின்னும் பேசும் உருவம் மலிவான ஒளிப்பட உத்திதான். ஆயினும் திரையில் பலமுறை வாய்மூடி மடிந்தவர் இம்முறை மடிந்த பிறகும் பேசுகிறார் என்பது, அவர் வாழ்க்கையை அறிந்தோர்க்கு வெறும் உத்தியாகத் தோன்றாது.

இவ்விரு படங்களுக்கும் பெற்ற ஊதியத்தை அவர் சீன நிவாரண அமைப்புக்கு அளித்துவிட்டார். அவ்வாண்டு வெளியான சீனச் சமையல் நூல் ஒன்றுக்கு முன்னுரை எழுதியதும் அந்நிவாரணத்தின் பொருட்டே.

1943, 1944

1943இல் சியாங் கை ஷேக்கின் துணைவியார் அமெரிக்காவெங்கும் பயணம் செய்து போருதவி வேண்டினார். ஏப்ரலில் ஹாலிவுட் பௌல் திறந்தவெளி அரங்கில் அவருக்கு மாபெரும் வரவேற்பு நடந்தது; திரையுலகின் முன்னணி நடிகையர் மேடையில் அணிவகுத்தனர். சீன நிவாரணத்திற்காக ஐந்தாண்டுகளுக்கு மேல் உழைத்த, அமெரிக்கத் திரையின் ஒரே சீன நட்சத்திரத்திற்கு அழைப்பில்லை. ஆங்கிலக் கல்வியும் கிறித்தவ நெறியும் வாய்ந்த புதிய சீன மகளிரின் உருவமாகத் தம்மை நிறுத்திய தலைவியின் அருகில், அடிமையாகவும் நடனமாதாகவும் நடித்த சலவைத் தொழிலாளி மகளுக்கு இடம் தர ஏற்பாட்டாளர் விரும்பவில்லை என்பதே ஆய்வாளர் பலர் காணும் காரணம். அவ்வேடங்களை அவருக்கு வகுத்தளித்த நிறுவனத்தாரோ அவ்விழாவின் முன்வரிசைக்கு உரியவராயினர்.

அடுத்த ஆண்டு எம்.ஜி.எம். 'டிராகன் சீட்' படத்தை வெளியிட்டது. ஜப்பானியரை எதிர்க்கும் சீன உழவர் குடும்பத்து மருமகள், பகைவர் விருந்தில் நஞ்சிடுகிறாள். வேடம் ஏற்றவர் கேத்தரின் ஹெப்பர்ன், கண்ணோரம் ஒப்பனையால் இழுக்கப்பட்ட நிலையில். குவான் மெய்யின் கதையோடு உறவுடைய இக்கதை பெருமுதலீட்டில் சொல்லப்பட்டபோது, குவான் மெய்யாக நடித்தவர்க்கு அதில் பங்கில்லை. சீனர் விலக்குச் சட்டம் 1943 டிசம்பரில் நீக்கப்பட்டு, ஆண்டுக்கு 105 பேர் என்னும் குடியேற்ற அளவு வகுக்கப்பட்டிருந்தது. திரையின் விலக்கு அதனினும் நீண்டகாலம் நிலைத்தது.

இறுதிக் காலம்

போருக்குப் பின் அவர் திரையில் தோன்றியது சிலமுறையே. 1949இல் தந்தை மறைந்தார். கல்லீரல் நோய் அவரை வருத்தியது. 1951இல் டூமாண்ட் தொலைக்காட்சி 'தி கேலரி ஆஃப் மேடம் லியூ சோங்' என்னும் தொடரை ஒளிபரப்பியது. ஆசிய அமெரிக்கர் ஒருவரை நாயகராகக் கொண்ட முதல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் அதுவே. கலைப்பொருள் வணிகராக வெளியே தோன்றி, பன்னாட்டுச் சூழ்ச்சிகளை ஆராயும் துப்பறிவாளராக உள்ளே செயற்படும் பெண் அவர் ஏற்ற பாத்திரம். முப்பதாண்டுக் காலம் பிறர் பெயர்களோடு ஏற்றுவந்த மறைவேடத்தை இம்முறை தம் இயற்பெயரான லியூ சோங் என்னும் பெயரோடு ஏற்றார். தொடரின் படச்சுருள் எதுவும் இன்று எஞ்சவில்லை. அதனினும் மலிவாக எடுக்கப்பட்ட பி.ஆர்.சி. படங்கள் இரண்டும் எஞ்சியுள்ளன.

1961 பிப்ரவரி 3இல், ஐம்பத்தாறாம் வயதில், சான்டா மோனிகா இல்லத்தில் மாரடைப்பால் காலமானார். அப்போது 'ஃப்ளவர் டிரம் சாங்' திரைப்படத்தில் நடிக்க ஒப்பந்தமாகியிருந்தார். அவருக்குப் பதிலாக அவ்வேடத்தை ஏற்ற ஜுவனிடா ஹால் சீன வமிசத்தவர் அல்லர். 2004இல் கிரஹாம் ஹாட்ஜஸ் எழுதிய வாழ்க்கை வரலாறு வெளிவந்த பின்னரே அவருடைய படங்களைப் பற்றிய ஆய்வு விரிவடைந்தது. 2022இல் அமெரிக்கக் கால் டாலர் நாணயத்தில் அவர் முகம் பொறிக்கப்பட்டது. அவருடைய அஸ்தி லாஸ் ஏஞ்சலீஸ் ரோஸ்டேல் இடுகாட்டில் தாயின் கல்லறையிலேயே வைக்கப்பட்டது. கல்லின் மேற்புறம் தாயின் பெயர் உள்ளது. இருமருங்கிலும் அவருடைய பெயரும் தங்கை மேரியின் பெயரும் சீன எழுத்தில் செதுக்கப்பட்டுள்ளன.